உணரித் தரவில் திடீர் இரைச்சலைப் பிரிக்க நியம விலகல் போதாதா?

ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ ஆய்வகத்தின் 4096 விநாடிக் கோப்பு முழுவதற்கும் ஒரே நியம விலகல் கணித்து, அதன் ஐந்து மடங்கைத் தாண்டியதையெல்லாம் வெடிப்பு (திடீர் இரைச்சல்) என்று குறித்தால் ஓரிடத்தில் குவிகிறது, இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். அப்படித்தான் வரும்.

நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன். இரவில் இந்தத் திறந்த தரவைக் கிளறுவது பொழுதுபோக்கு. இங்கே சித்திரை மாதக் கடலின் ஓசையை அளவுகோலாக வைத்தால், வாடைக்காற்றுக் காலத்தில் எல்லா அலையும் டைனமைட் வெடித்ததாகவே பதிவாகும். உங்கள் கோப்பிலும் அதே கதைதான்: பின்னணியே மாறிக்கொண்டிருக்கிறது.

ஆகவே தரவைச் சிறு துண்டுகளாக்கி, அந்தந்த நேரத்துக்குரிய வலு நிறமாலையை, அதாவது எந்த மீடிறனில் எவ்வளவு வலு என்பதை, கணியுங்கள். துண்டுகளின் சராசரியை எடுக்க வேண்டாம், இடையத்தை எடுங்கள். ஒரு பெரிய வெடிப்பு சராசரியை உயர்த்திவிட்டு அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பிறகு எல்லா மீடிறனும் ஒரே எடை பெறும்படி அந்த நிறமாலையால் தரவைச் சமன்படுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் தாழ்ந்த மீடிறன்களின் ஆட்டம் மற்றதையெல்லாம் மூடிவிடும். 60 ஹேர்ட்ஸில் நிற்கும் கூர்முனை அமெரிக்க மின்வழங்கலின் கொடை. நம் நாட்டில் என்றால் 50இல் நின்றிருக்கும்.

அடுத்து நேரம்–மீடிறன் படம். சில மில்லிவிநாடிகளில் முடியும் வெடிப்பையும், சிதறிய ஒளி விநாடிக் கணக்கில் வரையும் வளைவுகளையும் அதில் கண்ணாலேயே பிரிக்கலாம். வடிவம் தெரிந்தாலும் காரணம் தெரியாது. அதற்குத்தான் ஒலிவாங்கி, நிலநடுக்கமானி, காந்தமானி போன்ற துணை உணரிகள். ஈர்ப்பு அலையை உணர முடியாத ஓர் உணரியும் அதே கணத்தில் துள்ளினால் காரணம் பூமியில்தான் இருக்கிறது. லைகோவின் ஹான்ஃபோர்டு உணரித் தளத்தில் குழாயின் பனிக்கட்டியைக் கொத்திய அண்டங்காக்கைகள்கூட அப்படித்தான் அகப்பட்டன!

ஆனால் கண்டதையெல்லாம் வெட்டும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. 2017 ஆகஸ்ட் 17இல் இரு நியூத்திரன் விண்மீன்கள் இணைந்த சமிக்ஞையின் மேல், லைகோவின் மற்ற உணரியான லிவிங்ஸ்டனில், இணைவுக்கு ஏறத்தாழ 1.1 விநாடி முன்பு பெரும் இரைச்சல் வெடிப்பு ஒன்று விழுந்திருந்தது. அதனால் தானியங்கித் தேடல் அங்கே சமிக்ஞையைத் தவறவிட்டது. ஹான்ஃபோர்டின் பதிவும், இணைவுக்கு 1.7 விநாடிக்குப் பின் ஃபெர்மி விண்கலம் கண்ட காமாக் கதிர் வெடிப்பும் கைகொடுத்ததால்தான் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்த இரைச்சல் வெடிப்பை மட்டும் மாதிரியமைத்துக் கழித்தார்கள், சமிக்ஞை தப்பியது.

எனவே வரம்பை இறுக்குவதற்கு முன் போலிச் சமிக்ஞைகளைத் தரவில் கலந்து உங்கள் நிரலை ஓட்டுங்கள். அவற்றில் எத்தனையை அது வெடிப்பென்று தள்ளுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.