வார இறுதிக் கூட்டத்தை நம்பி அறை கட்டலாமா?

கேள்வி: மலை நகரம் ஒன்றில் 12 அறைகள் உள்ள விடுதி நடத்துகிறேன். பெருந்தொற்றில் நெடுநாள் மூடிக் கிடந்து திறந்தோம். இப்போது வெள்ளி, சனி இரவுகளில் இடமில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறோம். மற்ற நாட்களில் 2 அறை போனாலே பெரிது. கையில் பணமும் நிற்கவில்லை. கடன் வாங்கி இன்னும் 6 அறைகள் கட்டலாமா, இல்லை கட்டணத்தைக் குறைத்துப் பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஏன் என்பதற்கு நீங்கள் சொன்ன எண்களே போதும்.

வெள்ளி, சனி இரண்டு இரவும் 12 அறைகள் நிரம்பினால் 24 விற்பனை. மீதி 5 இரவுகளில் இரண்டிரண்டாக 10. ஆக, வாரத்துக்கு விற்க இருக்கும் 84-இல் 34 தான் போகிறது. அதாவது 40 சதவீதம். இடமில்லை என்று ஆள் திருப்பி அனுப்பும் விடுதி, உண்மையில் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது. இனி 6 அறைகள் கட்டியாயிற்று, அவையும் வார இறுதியில் நிரம்புகின்றன என்றே வைத்துக்கொள்வோம். விற்பனை 46 ஆகும். ஆனால் விற்க இருப்பது 126 ஆகிவிடும். நிரம்பும் விகிதம் 37 சதவீதத்துக்கு இறங்கும், தவணை மாதாமாதம் ஏறும். ஒரு செங்கல் கூட வைக்காமல், வார நாட்களில் 2 அறை போவதை 5 ஆக்கினால் விற்பனை 49! உங்கள் சிக்கல் அறை அல்ல, செவ்வாய்க்கிழமை.

பெருந்தொற்றுக்குப் பிறகு மலை நகரங்களுக்கு ஆட்கள் திரும்பிய வரிசையும் இதைத்தான் காட்டுகிறது. முதலில் வருபவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். சொந்த வண்டியில் வருவார்கள், கடைசி நேரத்தில் பதிவு செய்வார்கள், ஓரிரு இரவில் திரும்பிவிடுவார்கள். பிலிப்பைன்ஸின் மலை நகரமான பாகியோ 2020 இறுதியில் திறந்தபோது, அருகிலுள்ள இலோகோஸ் பகுதியினரைத்தான் முதலில் அனுமதித்தது. நாலைந்து இரவு தங்கி வார நாட்களை நிரப்பும் தொலைதூரப் பயணிகள் மெதுவாகத்தான் வருவார்கள். நேபாளத்துக்கு 2019-இல் சுமார் 12 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2021-இல் ஒன்றரை லட்சம் பேர். மறுபடி 10 லட்சத்தைத் தாண்ட 2023 ஆயிற்று. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று அந்நாட்டின் பொக்காரா நகரில் கடன் வாங்கிக் கட்டிய பன்னாட்டு விமான நிலையம் திறந்தார்கள். ஈராண்டுகளுக்கும் மேல் வழக்கமான வெளிநாட்டு விமானச் சேவை வரவில்லை. கட்டிவிட்டால் ஆள் வந்துவிடுவார்கள் என்று நம்பிக் கடன் வாங்குபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சரி, கட்டணம்? வார நாளில் வராதவருக்குத் தடை பணம் அல்ல, வேலையும் பள்ளிக்கூடமும்தான். கட்டணத்தைப் பொதுவாகக் குறைத்தால், எப்படியும் வரப்போகிற சனிக்கிழமை விருந்தினர்தான் குறைவாகக் கொடுத்துவிட்டுப் போவார். அதற்காகக் கண்டபடி ஏற்றவும் கூடாது. பூட்டான் 2022 செப்டம்பரில் எல்லையைத் திறந்தபோது, பயணிகளிடம் அரசு ஓர் இரவுக்கு வாங்கும் 65 டாலர் கட்டணத்தை 200 ஆக்கியது. ஓராண்டில் அதைப் பாதியாக்க வேண்டியதாயிற்று.

வார நாட்களில் யாருக்கு ஓய்வு இருக்கிறது என்று தேடுங்கள். பணி ஓய்வு பெற்றவர்கள், மடிக்கணினியோடு எங்கிருந்தும் வேலை செய்பவர்கள், சிறு பயிற்சிக் குழுக்கள். இரண்டாம் வகையினருக்கு முதலில் தேவை அறுபடாத இணையம், ஒரு நல்ல மேசை, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு. அப்புறம்தான் மலைக்காட்சி. சனிக்கிழமை வருபவரிடம் ஞாயிறு இரவை மட்டும் கணிசமாகக் குறைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஒரு முறை வந்தவரின் எண்ணை, அவர் சம்மதத்தோடு, குறித்து வையுங்கள். அடுத்த முறை அவர் நேரடியாக அழைத்தால் இணையப் பதிவுத் தளங்களுக்குத் தரகாகப் போகும் 15 சதவீதமோ அதற்கு மேலுமோ உங்களிடமே நிற்கும். கையில் பணம் தங்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: வேலையாட்கள். மீட்சியில் மிகவும் கடினமான பகுதி இதுதான் என்பேன். நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன் 2022-இல் எல்லை திறந்த பிறகு பயணிகளைப் பெற்றது. சமைக்கவும் அறை துடைக்கவும் ஆளில்லாமல் திண்டாடியது. வந்த வேலையாட்களுக்கும் கட்டுப்படியான வாடகையில் வீடு கிடைக்கவில்லை. மூடியிருந்த காலத்தில் வேறு பிழைப்புக்குப் போனவர், சீசனுக்கு மட்டும் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஆண்டு முழுக்கச் சம்பளமும் தங்க இடமும் கொடுத்தால் வருவார். எனவே கட்டியே ஆக வேண்டும் என்றால், வேலையாட்கள் தங்க இரண்டு நல்ல அறைகள் கட்டுங்கள். அந்தச் செலவைத் தயங்காமல் ஆதரிப்பேன்.

இன்னொரு செலவையும் தள்ளிப்போடக் கூடாது. நெடுநாள் மூடிக் கிடந்த குழாய்களிலும் தொட்டிகளிலும் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் பெருகும். குளியல் நீர்த்தூவியின் திவலைகளோடு நுரையீரலுக்குப் போய்க் கடும் நிமோனியாவைத் தரும். வார நாட்களில் காலியாகக் கிடக்கும் அறைகளுக்கு இன்றும் இந்த ஆபத்து உண்டு. வாரம் ஒருமுறையாவது எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்து ஓடவிடுங்கள். வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வையுங்கள், கை சுடாமலிருக்கக் குழாயருகே வெப்பத்தைத் தணிக்கும் கலவைக் குழாய் பொருத்துங்கள். அறைகளில் எரிவாயுக் கணப்பு இருந்தால் புகைபோக்கியைச் சோதிக்காமல் பற்றவைக்காதீர்கள்.

கடன் பற்றிய முடிவை ஓராண்டு தள்ளி வையுங்கள். அதுவரை ஒவ்வொரு இரவும் எத்தனை அறை போயிற்று, விருந்தினர் எத்தனை இரவு தங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சீசன் இல்லாத மாதங்களிலும் வார நாட்களில் 7, 8 அறைகள் தொடர்ந்து போகின்றன, மூன்று மாதச் சம்பளத்துக்கும் தவணைக்கும் போதுமான பணம் தனியாக இருக்கிறது என்றால், அந்த நோட்டோடு வங்கிக்குப் போகலாம். அப்போதும் ஆறையும் ஒரேயடியாகக் கட்டாமல் மூன்றில் தொடங்குங்கள். தண்ணீர் வரத்தும் கழிவுநீர்த் தொட்டியும் தாங்குமா என்று பார்த்துவிட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள்.