வெங்காயத்தாள்: கெடாமல் வைப்பதும் வேரிலிருந்து மறுபடி வளர்ப்பதும்

கேள்வி: வெங்காயத்தாள் ஃப்ரிட்ஜில் மூன்றே நாளில் கொழகொழத்துப் போகிறது. வேரைத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் நாறுகிறது. உருப்படியான வழி ஏதாவது உண்டா?

உண்டு. நீங்கள் வெங்காயத்தாள் கட்டு ஒன்றை வாங்கி வந்த கையோடு கழுவி, ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றாமல், பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிந்து வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முக்கால்வாசிப் பேர் செய்வது அதைத்தான். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி வெறும் குழல். அடியில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். அந்த மடிப்புக்குள் போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. ரப்பர் பேண்ட் நசுக்கிய இடத்தில் சாறு கசியும். சாறும் தண்ணீரும் சேர்ந்து தேங்கும் இடத்தில்தான் அழுகல் ஆரம்பிக்கிறது. அதற்குப் பயந்து அப்படியே திறந்து போட்டாலும் ஆகாது. ஃப்ரிட்ஜின் உலர்ந்த காற்றில் தாள் துவண்டு நுனி மஞ்சளாகிவிடும். சுற்றியுள்ள காற்றில் ஈரம் வேண்டும், தாளின்மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. பெரிய குளிர்கிடங்குகளில் 0 டிகிரியை ஒட்டிய குளிரும் 95 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வைப்பது இதற்காகத்தான்.

வீட்டில் அதை இப்படிச் செய்யலாம். கட்டைப் பிரித்துவிடுங்கள். மஞ்சளான, வழவழத்த, நசுங்கிய தாளையெல்லாம் உருவி எறியுங்கள். ஒன்று விட்டாலும் பக்கத்தில் இருப்பதற்கும் தொற்றும். கழுவ வேண்டாம். ஏற்கெனவே நனைந்திருந்தால் துணியில் பரப்பி உலர்த்துங்கள். பருத்தித் துணியையோ தடித்த காகிதத் துண்டையோ நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, வேர்ப்பக்கத்தில் மட்டும் சுற்றுங்கள். பச்சைப் பகுதிக்கு உலர்ந்த துணி. பிறகு பையில் போட்டு வாயை இறுக்கி மூடாமல் லேசாக மடித்துவிட்டு, காய்கறித் தட்டில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துணி காய்ந்துவிட்டதா, ஊறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பத்து நாள் தாராளமாக நிற்கும். புதிதாக வாங்கியதென்றால் இரண்டு வாரமும் தாங்கும். ஆப்பிள், பழுத்த வாழைப்பழம் இருக்கும் தட்டில் மட்டும் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு தாளைச் சீக்கிரம் மஞ்சளாக்கும், வெங்காய வாடையும் பழத்தில் ஏறும்.

உறைய வைப்பதானால் நறுக்கி, ஈரம் போக உலர்த்தி, தட்டில் பரப்பி உறைந்த பிறகு டப்பாவில் அள்ளுங்கள். நேராக டப்பாவில் போட்டால் ஒரே கட்டியாகும். அடுப்பில் போட மட்டுமே இது உதவும். மேலே தூவினால் துவண்டு கிடக்கும்.

இனி வளர்ப்பது. வெங்காயத்தாள் நுனியிலிருந்து வளர்வதில்லை. வேர் கிளம்பும் தட்டையான அடிப்பகுதிதான் புது இலையை உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. அதனால் வெள்ளைப் பகுதியில் 4 செ.மீ. வேரோடு விட்டு நறுக்குங்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அடித்தட்டையே சீவி விற்கும் கட்டுகள் உண்டு. அவற்றை எதில் வைத்தாலும் முளைக்காது. சமையல் குறிப்புகளில் வெள்ளைப் பகுதியைத் தூக்கிப்போடச் சொல்வதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். தாளிப்பில் முதலில் வதக்க வேண்டியதே அதுதான்.

டம்ளரில் வேர் மூழ்கும் அளவுக்கு, 1 முதல் 2 செ.மீ. தண்ணீர் போதும். உங்களுக்கு நாற்றம் வந்தது வெள்ளைத் தண்டு பாதிவரை மூழ்கியதால்தான் இருக்கும். மூழ்கிய மேலுறை அழுகும். அந்தத் தளர்ந்த மேலுறையை முதலிலேயே உரித்துவிடுங்கள். தண்ணீரைத் தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி, வேரையும் டம்ளரையும் வழவழப்புப் போக அலசுங்கள். வெளிச்சமான ஜன்னலோரம் வைத்தால் ஓரிரு நாளில் நடுவிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். பத்து நாளுக்குள் ஒரு சாண் தாள் வெட்டலாம்.

ஆனால் அந்தத் தாள் வளர்ந்தது அடித்தண்டில் சேர்ந்திருந்த சத்தைத் தின்று. குழாய்த் தண்ணீரில் அதற்கு ஈடுகட்டும் அளவுக்குச் சத்து இல்லை. இரண்டு அறுவடைக்குப் பிறகு தாள் மெலிந்து வெளுக்கும், காரமும் குறையும்; வெங்காயத்தின் காரத்துக்குக் கந்தகம் வேண்டும், அது மண்ணிலிருந்து வர வேண்டும். ‘ஒருமுறை வாங்கினால் போதும், ஆயுசுக்கும் டம்ளரிலேயே வளரும்’ என்று காட்டும் காணொளிகள் இதைச் சொல்வதில்லை. நம்பி வைத்தவர்கள் தங்கள் கைராசி சரியில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கோபம். மண்ணில்லா விவசாயம் செய்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சத்துக் கரைசல் கலந்து வளர்ப்பது வேறு கணக்கு.

புது வெள்ளை வேர் 3 செ.மீ. வந்ததும், அல்லது முதல் அறுவடை முடிந்ததும், மண்ணுக்கு மாற்றுங்கள். தண்ணீர்ப் படியைத் தாண்டி நேராக மண்ணில் நட்டாலும் பிழைக்கும். 15 செ.மீ. ஆழமும் அடியில் ஓட்டையும் உள்ள தொட்டி போதும். மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு. பழுப்பான பழைய வேரைக் கத்தரித்து, 3 செ.மீ. ஆழத்தில், 5 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். முதல் மூன்று நாள் நிழல், பிறகு ஐந்தாறு மணி நேர வெயில். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். தினமும் ஊற்றினால் அடித்தட்டு அழுகி, இழுத்தால் தாள் கையோடு வரும். வெட்டும்போது மண்ணுக்கு மேல் 4 செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு கைப்பிடி மட்கிய உரம் தூவுங்கள்.

தாளில் வெள்ளிக் கீற்றுகள் தெரிந்தால் அது இலைப்பேன் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சியின் வேலை. பாதித்த தாளை வெட்டி எறிந்துவிட்டு, மற்றதன்மேல் தண்ணீரைக் காலையில் வேகமாகப் பீய்ச்சுங்கள், மாலைக்குள் காய்ந்துவிடும். நடுவில் கெட்டியான காம்பும் மொட்டும் கிளம்பினால் அடியோடு கிள்ளுங்கள். பூக்கவிட்டால் சத்து அங்கே போய், தாள் நாராகும்.

வீட்டில் வளர்ந்ததுதானே என்று கழுவாமல் தின்ன வேண்டாம். 2003-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 500-க்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைட்டிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸ் நோய் பரவியது பச்சை வெங்காயத்தாள் வழியாகத்தான். கழுவுவது அந்த வைரஸை முழுதாகப் போக்காது, வேக வைப்பதுதான் போக்கும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுப்பதென்றால் சமைத்தே கொடுங்கள். பூனை, நாய் வளர்ப்பவர்கள் டம்ளரையும் தொட்டியையும் அவற்றுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வெங்காயக் குடும்பம் முழுவதும் அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பூனைக்குக் கொஞ்சமே போதும்.