சீசியம் ஆவி உலோகத்தை என்ன செய்கிறது? கேள்வி பதில்

வெப்பத்தை நேரே மின்சாரமாக்கும் வெப்ப எலக்ட்ரான் மாற்றியில், எலக்ட்ரான்களை வெளிவிடும் சூடான உமிழ்ப்பானுக்கும் அவற்றை வாங்கிக்கொள்ளும், அதைவிடக் குளிர்ந்த ஏற்பானுக்கும் நடுவே சீசியம் ஆவி எதற்கு என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: உமிழ்ப்பானை இன்னும் சூடாக்கினால் போதாதா?

போதாது. உமிழ்ப்பான் டங்ஸ்டன் உலோகம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வெளியேற்று ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல், சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). 1800 கெல்வினில் தகதகவென்று ஒளிர்ந்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிஆம்பியர் மின்னோட்டம்தான் தேறும். அதே சூட்டில் வெளியேற்று ஆற்றலை 2.7க்கு இறக்கிப் பாருங்கள், 10 ஆம்பியரைத் தாண்டும். லட்சம் மடங்கு! ஓரணு அடுக்குகூட நிரம்பாத சீசியம் செய்கிற வேலை இது.

கேள்வி: எப்படி இறக்குகிறது?

சீசியம் அணுவின் வெளி எலக்ட்ரானைப் பிரிக்க 3.89 எலக்ட்ரான் வோல்ட் போதும். டங்ஸ்டனில் ஒட்டியதும் அந்த எலக்ட்ரான் உலோகத்தின் பக்கம் சாய்கிறது. மேலே நேர், கீழே எதிர் என ஓர் இருமுனை அடுக்கு உருவாகி, உள்ளிருக்கும் எலக்ட்ரான்களுக்கு வாசலைத் தாழ்த்திவிடுகிறது. 1923இலேயே லாங்மியூர், கிங்டன் என்ற விஞ்ஞானிகள் இந்த விளைவை எழுதிவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் முழுக்க மூடிவிடலாமே?

கூடாது. பாதிக்குச் சற்று மேல் மூடியிருக்கும்போதுதான் மிகக் குறைந்த வெளியேற்று ஆற்றல், சுமார் 1.7 எலக்ட்ரான் வோல்ட், கிடைக்கும். அதற்குமேல் நெருக்கினால் இருமுனைகள் ஒன்றையொன்று பலவீனமாக்கும். பரப்பில் எவ்வளவு சீசியம் ஒட்டும் என்பதை ஆவியழுத்தத்தால் கட்டுப்படுத்தலாம். மாற்றியின் கலனோடு இணைந்த சிறு குழாயில் வெள்ளிபோல் மின்னும் திரவ சீசியம் கிடக்கும். ஆவியழுத்தத்தைத் தீர்மானிப்பது அதன் வெப்பநிலைதான். 280 டிகிரி செல்சியஸில் சுமார் 1 டார் (வளிமண்டல அழுத்தத்தில் 760இல் ஒரு பங்கு).

கேள்வி: ஐயா, ஆக்சிஜன் உமிழ்வைக் கெடுக்கும் என்று படித்தேன். அதையும் ஏன் சேர்க்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தனியாக வந்தால் கெடுக்கத்தான் செய்யும், டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் ஏறிவிடும். ஆனால் அப்படி ஏறிய பரப்புதான் சீசியத்தை இன்னும் இறுகப் பிடிக்கும். கொதிக்கும் சூட்டிலும் சீசியம் எளிதில் பறந்துபோகாது. அதனால் குறைந்த ஆவியழுத்தமே போதும். வழியில் எலக்ட்ரான்கள் மோதிச் சிதறுவதும் குறையும். அளவு மிஞ்சினால் மட்டும் ஆபத்து: டங்ஸ்டன் ஆக்சைடாக ஆவியாகி, உமிழ்ப்பான் தேய்ந்து ஏற்பானில் போய்ப் படியும்.

கேள்வி: சீசியத்துக்கு வேறு வேலை உண்டா?

உண்டு. இடைவெளியில் குவியும் எலக்ட்ரான்கள் பின்வருபவற்றைத் தள்ளும். எலக்ட்ரானை இழந்து நேர் மின்னூட்டம் பெற்ற சீசியம் அணுக்கள், அதாவது அயனிகள், அந்த எதிர் மின்னூட்டத்தைச் சமன்செய்கின்றன. அயனி கனமானது, மெதுவாக நகர்வது. ஆகவே ஏறத்தாழ 490 எலக்ட்ரான்கள் கடக்க ஓர் அயனி வந்தால் போதும்.

கேள்வி: நடைமுறையில் ஓடியதா?

ஓடியது. 1987இல் சோவியத் ஒன்றியம் ஏவிய காஸ்மாஸ் 1818, காஸ்மாஸ் 1867 என்ற செயற்கைக்கோள்கள் இரண்டிலும் அணு உலையோடு இத்தகைய மாற்றிகள் இருந்தன. சீசியம் இருப்புத் தீர்ந்ததும் அவற்றின் மின்சாரமும் நின்றது.