ஸ்கேன் படத்தின் இரைச்சலை எவ்வளவு துடைக்கலாம்? கேள்வி பதில்

ஸ்கேன் படங்களில் வரும் இரைச்சல் (காதில் கேட்கும் சத்தம் அல்ல; உண்மையான உருவத்தின் மேல் பொடிப் பொடியாகக் கலந்துவிடும் ஏற்ற இறக்கம்) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ரேடியோகிராபி மாணவி): சார், சிடி படம் ஏன் பொடிப் பொடிப் புள்ளியாக வருகிறது? மெஷின் பழசு என்பதாலா?

பதில்: புது மெஷினிலும் வரும். சிடி என்பது எக்ஸ்ரேயைச் சுற்றிலுமிருந்து செலுத்தி உடம்பின் குறுக்குவெட்டைக் கணக்கிடும் ஸ்கேன். அந்த எக்ஸ்ரே தனித்தனி ஃபோட்டான்களாகத்தான் (ஒளித் துகள்களாக) டிடெக்டரில் விழுகிறது. அதே கதிரை இன்னொரு தடவை அனுப்பினால் எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சராசரியாக 100 விழும் இடத்தில் சுமார் 10 கூடும், குறையும். அது 10 சதவீதம். 10,000 விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100 தான்; வெறும் 1 சதவீதம். அதனால் இரைச்சலைப் பாதியாக்க டோஸை (கொடுக்கும் கதிரின் அளவை) 4 மடங்காக்க வேண்டியிருக்கிறது. டோஸைப் பாதியாகக் குறைத்தாலோ இரைச்சல் சுமார் 1.4 மடங்காகத்தான் ஏறுகிறது. குறைந்த டோஸ் ஸ்கேன்கள் சாத்தியமாவது இந்தக் கணக்கால்தான்.

தோள்பட்டை மட்டத்து ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) ஒன்றைத் திறந்து பாருங்கள். படத்தின் குறுக்கே, இடமிருந்து வலமாகக் கோடுகள் ஓடும். பக்கவாட்டில் போகும் கதிர் இரண்டு தோளின் எலும்பையும் தாண்டவேண்டும். மறுபக்கம் போய்ச் சேரும் ஃபோட்டான் மிகச் சொற்பம். கொஞ்சம் கீழே இறங்கி நுரையீரல் மட்டத்துக்கு வந்தால், உள்ளே காற்று என்பதால், கோடுகள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

இரைச்சலைக் குறைக்க எல்லாரும் மறக்கும் ஒரு வழி: ஸ்லைஸின் தடிமன். 1 மி.மீ. ஸ்லைஸ்கள் நாலைச் சேர்த்து 4 மி.மீ. ஆக்கிப் பார்த்தால் இரைச்சல் ஏறக்குறைய பாதியாகிவிடும். கூடுதல் கதிரும் வேண்டாம், புது சாஃப்ட்வேரும் வேண்டாம். ஆனால் 2 மி.மீ. கட்டி ஒன்று இருந்தால் அதுவும் பக்கத்துத் திசுவோடு கலந்து மங்கும்.

கேள்வி (பொறியியல் மாணவர்): அண்ணா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். சிடி படங்களில் காஸியன், மீடியன், நான்-லோக்கல் மீன்ஸ், பிஎம்3டி என்று இரைச்சல் நீக்கும் ஃபில்டர்கள் எல்லாம் ஓட்டிவிட்டேன். பிஎஸ்என்ஆர் (சுத்தமான படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் எண்) பிஎம்3டிக்குத்தான் அதிகம். அதுதான் பெஸ்ட் என்று எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. இரைச்சலை எப்படி உண்டாக்கினீர்கள்? நல்ல படத்தின் மேல் கணினியில் காஸியன் இரைச்சலை (மணி வடிவில் பரவும் ஏற்ற இறக்கத்தை) தூவியிருந்தால் பிஎம்3டி ஜெயிப்பதில் ஆச்சரியமே இல்லை. 2007இல் வந்த அந்த முறை பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சலுக்கு ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லை என்று வைத்துக்கொண்டு செய்யப்பட்டது. சிடியில் அப்படி இல்லை. டிடெக்டரில் விழுந்த இரைச்சல், படத்தை மீட்டுருவாக்கும் கணக்கின் வழியாக வந்து சேரும்போது சிறு சிறு திட்டுகளாகிவிடுகிறது. அந்தத் திட்டைத் திசுவின் நயம் என்று நினைத்து ஃபில்டர் அப்படியே விட்டுவைக்கும்.

அடுத்தது, ஜேபெக் படத்தில் வேலை செய்தீர்களா, டைகாமிலா (ஸ்கேன் மெஷின் தரும் மூலக் கோப்பு வடிவம்)? சிடியில் தண்ணீர் 0, காற்று -1000 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு (திசு கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் அளவு). எலும்பு வரை சேர்த்தால் 4000 படிகள் தேவை. அத்தனையையும் ஜேபெக்கின் 256 படியில் அடைத்தால் ஒரு படி சுமார் 16 அலகு. மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் உள்ள வித்தியாசமே 10 அலகு அளவில்தான். ஃபில்டர் தொடும் முன்பே விஷயம் போய்விட்டது.

பிஎஸ்என்ஆர் எண்ணை விடப் பயனுள்ள ஒரு சோதனை சொல்கிறேன். மூலப்படத்திலிருந்து சுத்தப்படுத்திய படத்தைக் கழியுங்கள். மிச்சத்தைக் கான்ட்ராஸ்ட் கூட்டிப் பாருங்கள். வெறும் பொடி தெரிந்தால் சரி. விலா எலும்பின் விளிம்போ, ஈரலுக்குள் ஓடும் ரத்தக் குழாயின் கோடோ தெரிந்தால், நீங்கள் துடைத்தது நோயாளியை. காஸியன் ஃபில்டரில் உடம்பின் வரைபடமே மிச்சத்தில் வந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: உடம்பின் நடுப்பகுதியில் மிச்சம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாம். அங்கே இரைச்சலே அதிகம் என்பதால் அது தப்பில்லை. கோடுதான் தப்பு.

ஈரலில் ஐந்தாறு பிக்சல் அகலக் கட்டி ஒன்று அழிந்தாலும் பிஎஸ்என்ஆர் அசைந்து கொடுக்காது. அதை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கேள்வி (ஆராய்ச்சி மாணவி): எம்ஆர்ஐக்கும் இதே கணக்குதானா சார்?

பதில்: இல்லை. எம்ஆர்ஐ காந்தப் புலத்தையும் ரேடியோ அலையையும் வைத்து எடுக்கும் ஸ்கேன்; அங்கே எண்ணுவதற்கு எக்ஸ்ரே ஃபோட்டான் கிடையாது. நோயாளியின் உடம்பிலும் சிக்னலை வாங்கும் காயிலிலும் உள்ள வெப்ப அசைவிலிருந்து இரைச்சல் வருகிறது. மெஷின் பதிவு செய்யும் சிக்னலின் மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி இரண்டிலும் அது சாதாரண காஸியன்தான். இரண்டையும் வர்க்கம் செய்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்துத் திரையில் காட்டுகிறோம். அந்த இடத்தில் எதிர்மறை எண்களெல்லாம் மறைந்து, இரைச்சல் ரைசியன் என்ற, பூஜ்யத்துக்குக் கீழே போகாத வடிவத்துக்கு மாறிவிடும். தலைக்கு வெளியே வெறும் காற்று இருக்கும் இடத்தில்கூட மதிப்பு 0 ஆக இருக்காது.

சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இது பெரிய விஷயமில்லை. டிஃப்யூஷன் படங்களில் (திசுவுக்குள் தண்ணீர் நகர்வதைக் காட்டுபவை) பி-மதிப்பு (அந்த நகர்வை எவ்வளவு அழுத்தமாகப் பதிக்கிறோம் என்ற எண்) ஏறி, சிக்னல் இரைச்சலின் மட்டத்துக்கே இறங்கும்போதுதான் வம்பு. அங்கே எத்தனை படத்தைச் சராசரி எடுத்தாலும் மதிப்பு கூடுதலாகவே வரும். முடிந்தால் மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் தனித்தனியாக இருக்கும்போதே சராசரி எடுத்துவிடுங்கள். ஸ்கேனிலேயே சராசரி எண்ணிக்கையை 4 மடங்காக்கினால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் இரட்டிக்கும். ஆனால் நேரமும் 4 மடங்கு. அவ்வளவு நேரம் ஆடாமல் படுத்திருப்பவர் அபூர்வம்.

கேள்வி (டெக்னீஷியன்): எம்ஆர்ஐயில் நோயாளி அசைந்துவிட்டார், படத்தில் அலை அலையாக நிழல். எந்த ஃபில்டர் போடலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். அது இரைச்சல் இல்லை. முடிந்தால் அந்த சீக்வென்ஸை (அந்தத் தொகுதிப் படங்களை) மட்டும் திரும்ப எடுங்கள்.

கேள்வி (அல்ட்ராசவுண்ட் பார்க்கும் டாக்டர்): ஸ்பெக்கிளை முழுவதும் நீக்கிவிட்டால் நல்லதுதானே?

பதில்: டாக்டர், ஸ்பெக்கிள் தற்செயலாக விழும் புள்ளி இல்லை. திசுவின் நுண்ணிய துகள்களிலிருந்து திரும்பும் ஒலியலைகள் ஒன்றோடொன்று கூடியும் அடித்துக்கொண்டும் உண்டாக்கும் கோலம் அது. ப்ரோபை (உடம்பின் மேல் வைக்கும் கருவியை) அசைக்காமல் பிடித்தால் அதே கோலம் அப்படியே திரும்ப வரும். அதனால் ப்ரோபும் திசுவும் அசையாதவரை ஃப்ரேம்களைச் சராசரி எடுத்துப் பயனில்லை. வெவ்வேறு கோணத்திலிருந்து பார்த்துச் சேர்க்கும் காம்பவுண்டிங் பயன் தரும். ஆனால் பித்தப்பைக் கல்லுக்குப் பின்னால் விழும் நிழலையும் அது மங்கலாக்கும். கல்லா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அதை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். இதயத் தசையின் அசைவை அளக்கும் ஸ்பெக்கிள் ட்ராக்கிங், நீங்கள் நீக்க நினைக்கும் அந்தக் கோலத்தை நம்பித்தான் ஓடுகிறது.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): இரைச்சலை நீக்க டீப் லேர்னிங் மாடல் ஒன்றைப் பழக்க வேண்டும். சுத்தமான படமே கையில் இல்லையே, என்ன செய்வது?

பதில்: சுத்தமான படம் கட்டாயமில்லை. ஒரே உறுப்பின் இரண்டு இரைச்சல் படங்கள் இருந்தால் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை ஊகிக்கச் சொல்லலாம். 2018இல் வந்த நாய்ஸ்டுநாய்ஸ் காட்டிய வழி இது. இரண்டிலும் இரைச்சல் தனித்தனியாகவும், சராசரி பூஜ்யமாகவும் இருக்கவேண்டும். மேலே சொன்ன ரைசியன் விவகாரத்தால் எம்ஆர்ஐயில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. ஒரே நோயாளியின் ஸ்லைஸ்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலந்தால் வரும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. அப்புறம், இந்த மாடல் சில சமயம் உடம்பில் இல்லாத குழாயை வரைந்துவிடும், இருக்கும் கட்டியை வழக்கமான திசுவாக மாற்றிவிடும். மங்கலான படம் மங்கல் என்று தெரியும். இது தெளிவாக இருந்துகொண்டே பொய் சொல்லும். எனக்கு இதில்தான் பயம்.

கேள்வி (நோயாளியின் மகன்): அப்பாவின் சிடி படம் போனில் புள்ளியாகத் தெரிகிறது. ஏதாவது ஆப்பில் கிளியர் செய்து இன்னொரு டாக்டருக்கு அனுப்பலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஃபோட்டோ ஆப்களுக்கு முகமும் பூவும்தான் தெரியும். ஸ்கேன் எடுத்த இடத்தில் டைகாம் கோப்பைக் கேட்டு வாங்கி, எதையும் தொடாமல் கொடுங்கள். படம் புள்ளியாக இருப்பதாலேயே ஸ்கேன் மோசம் என்று அர்த்தமில்லை. சிறுநீரகக் கல் தேடும் ஸ்கேனில் வேண்டுமென்றே டோஸைக் குறைப்பதுண்டு. கல் பளிச்சென்று தெரியும், அதற்கு மேல் கதிர் எதற்கு?

கேள்வி (ரேடியாலஜிஸ்ட்): சிடியில் இரைச்சலை நீக்கும் புது சாஃப்ட்வேர் போட்டதிலிருந்து ஈரல் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. ரிப்போர்ட் எழுதவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: உங்கள் தயக்கம் நியாயம், டாக்டர். பொடி முழுவதும் போய்விட்டால் பழகின கண்ணுக்கு எது திசு, எது வேலைப்பாடு என்று பிடிபடாது. பெரும்பாலான மெஷின்களில் இந்த வேலையின் அளவைக் கூட்டிக் குறைக்க வசதி உண்டு. ஒரு படி இறக்கச் சொல்லுங்கள். சில வாரங்களுக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் பழைய முறையில் மீட்டுருவாக்கிய படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். கதிர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, அதே தரவிலிருந்துதான் இரண்டும் வருகின்றன. ஆனால் மூலத் தரவு மெஷினில் கொஞ்ச நாள்தான் தங்கும். அழிவதற்குள் கேளுங்கள்.