மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் மையர்

கேள்வி: என் மகள் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு பையனை விரும்புகிறாள், எங்களுக்கும் சம்மதம்தான். அவர் குடும்பப் பெயர் மையர். மகளின் அலுவலகத்திலேயே இன்னும் சில மையர்கள் இருக்கிறார்களாம், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். எல்லோரும் ஒரே வம்சமா? இது யூதப் பெயர் என்கிறார் என் அண்ணன். உண்மையா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஒரே வம்சமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, சகோதரி. மையர் என்பது முதலில் ஒரு பொறுப்பின் பெயர். பெரியவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இடைக்கால ஜெர்மனியில் பிரபுக்களுக்கும் மடாலயங்களுக்கும் சொந்தமான நிலங்களை மேற்பார்த்து, குடியானவர்களிடம் தானியமும் வரியும் வசூலித்துக் கொடுத்தவர்தான் மையர். நம் பக்கத்துப் பண்ணைக் காரியஸ்தர் மாதிரி. பிற்பாடு வடமேற்கில் பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவரையும் அப்படியே அழைத்தார்கள். பண்ணைக்குப் பண்ணை ஒரு மையர் இருந்தால் குழப்பம்தானே? அதனால் மேட்டுப் பண்ணைக்காரர் ஓபர்மையர் ஆனார், பள்ளத்துப் பண்ணைக்காரர் நீடர்மையர் ஆனார்.

அதே வடமேற்கில், வெஸ்ட்பாலியா பக்கம் இன்னொரு வழக்கம் இருந்தது. அங்கே பெயர் ஆளை விடப் பண்ணையோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். பண்ணைக்கு வாரிசு மகள் என்றால், கட்டிக்கொண்டு வருகிற மாப்பிள்ளை தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். பழைய தேவாலயப் பதிவேடுகளில் ‘இன்னார் என அழைக்கப்படும் இன்னார்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். ஆக, ஒரே பண்ணையில் அடுத்தடுத்து வந்த மையர்கள்கூட ரத்த வழியில் தந்தையும் மகனுமாக இருக்க வேண்டியதில்லை.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். பாதிரியாரும் எழுத்தரும் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மனி முழுக்க அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தபின், பதிவேட்டில் இருந்த வடிவமே பெரும்பாலும் நிலைத்துவிட்டது. எம்-ஈ-ஒய்-ஈ-ஆர் என்று எழுதுகிறவர்கள் வடக்கே, குறிப்பாக லோயர் சாக்சனியில் அதிகம். எம்-ஏ-ஐ-ஈ-ஆர், எம்-ஏ-ஒய்-ஈ-ஆர் இரண்டும் தெற்கத்தி வடிவங்கள். தனிம அட்டவணைக்குப் பங்களித்த வேதியியலாளர் லோதர் மையர் வடக்கே ஃபாரெல் ஊர்க்காரர். ஆற்றல் அழியாது என்று சொன்ன ராபர்ட் மையர், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள ஹைல்ப்ரானில் பிறந்தவர். அவர் பெயர் ‘ஏ-ஒய்’யோடுதான் வரும். எல்லா வடிவங்களையும் கூட்டினால் ஜெர்மனியின் மிகப் பரவலான பெயர்களில் இதுவும் ஒன்று.

உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி சரி. ‘ஒளி தருபவர்’ என்ற பொருளில் மேயிர் என்ற எபிரேயப் பெயர் உண்டு. 1787-இல் ஆஸ்திரியாவிலும் 1812-இல் அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவிலும் யூதர்கள் நிரந்தரக் குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்று ஆணை வந்தபோது, ஓசை ஒத்துப்போனதால் மையர் பலருக்கும் வசதியாக இருந்தது. ஆனால் ஜெர்மனியில் கிறிஸ்தவ மையர்களே மிக அதிகம். பெயரை மட்டும் வைத்து மதத்தைச் சொல்ல முடியாது. அவர் யூதராகவே இருந்தாலும், பிள்ளைகளின் வாழ்க்கைக்கு அது எந்த விதத்திலும் குறையில்லை என்று உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

குடும்பத்தைத் தெரிந்துகொள்ள ஆசை என்றால் சம்பந்தியிடமே தாத்தா பிறந்த ஊரைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். அப்புறம், கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் எழுத்துக்கூட்டலை மாப்பிள்ளையிடமே எழுதி வாங்கிவிடுங்கள்.