கேளுங்கள், சொல்கிறேன்: மூச்சிரைப்பும் சீன ஊசியும்

கேள்வி: என் கணவர் ரப்பர் தோட்டத்தில் 30 வருடம் பால்மரம் வெட்டியவர். ஆஸ்துமா. சீன மருந்துக்கடைச் சின்சே (சீன வைத்தியர்) முதுகில் அக்குபங்சர் ஊசி குத்தி, கஷாயப் பொட்டலமும் தருகிறார். இரண்டு வாரமாக இரவில் நன்றாகத் தூங்குகிறார். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம், தங்கச்சி. தோட்ட மருத்துவமனையில் நான் டிரெஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தபோது, 'சுகமாகிவிட்டது' என்று மருந்தை விட்ட ஒருவரை நள்ளிரவில் லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்த இழுப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஊசி இதமாக இருந்தால் தொடரட்டும். ஆனால் ஆஸ்துமாவை அது கட்டுப்படுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூச்சுக்குழாய் வீக்கத்தை அன்றாடம் தணித்துவைப்பது தடுப்பு இன்ஹேலர்தான். மேல்முதுகில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைத் துளைத்துவிடும். அரிதுதான், ஆனாலும் குத்திய பிறகு நெஞ்சு வலித்து மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை அந்தப் பொட்டலம். உள்ளே என்ன என்று சின்சேயிடம் கேளுங்கள். மா ஹுவாங் என்ற சீன மூலிகை என்றால் அதில் எபெட்ரின் என்ற மருந்துப்பொருள் உண்டு. மூச்சுக்குழாயை விரிக்கும், கூடவே ரத்த அழுத்தத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் ஏற்றும். உங்கள் கணவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா? எழுதவில்லையே. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பொட்டலத்தையும் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.