ஆளில்லாச் சரக்கு விண்கலம்: கேட்டவர்களுக்குப் பதில்

நம் தருமபுரி வானம் பார்க்கும் குழுவில் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு போகும் விதம் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு: டிரைவரே இல்லாமல் எப்படிப் போய் ஒட்டிக்கொள்கிறது?
ரஷ்யாவின் புரோகிரஸ் கலத்தில் 'கூர்ஸ்' என்ற ரேடியோக் கருவி இருக்கிறது. தூரம், கோணம், நெருங்கும் வேகம் மூன்றையும் அது இடைவிடாமல் அளக்கும். நிலையமும் கலமும் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் ஓடினாலும், தொடும் நேரத்தில் இரண்டுக்கும் இடையே வேக வித்தியாசம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். அமெரிக்காவின் சிக்னஸ் தானாக ஒட்டாது. பக்கத்தில் வந்து நிற்கும், நிலையத்தின் இயந்திரக் கை அதைப் பிடித்து இணைக்கும்.

ஊத்தங்கரை மாணவி: ஈர்ப்பே இல்லாத இடத்துக்கு எரிபொருள் எதற்கு?
பாப்பா, 'ஈர்ப்பே இல்லை' என்று பரீட்சையில் எழுதிவிடாதே. நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில் தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. அங்கே மெல்லிய காற்றும் உண்டு. அது இழுத்து இழுத்து நிலையத்தைக் கீழே இறக்கும். அதனால்தான் புரோகிரஸ் தன் எஞ்சினால் அவ்வப்போது மேலே தள்ளிவிடுகிறது.

ஓசூர், லாரி ஓட்டும் அண்ணா: சென்சாரை நம்பாதீர்கள். மனுசன் கை இருந்தால்தான் நிதானம்.
1997 ஜூன் 25-ஐப் பாருங்கள் அண்ணா. ரஷ்யாவின் அன்றைய விண்வெளி நிலையமான மீரில் இருந்த விண்வெளி வீரர் வசிலி சிப்ளியேவ், அதை நெருங்கி வந்துகொண்டிருந்த புரோகிரஸ் எம்-34 கலத்தைத் திரையைப் பார்த்துக் கையால் ஓட்டினார். தூரம் அளக்கும் ரேடாரை அணைத்துவிட்டுச் செய்த சோதனை அது. கலத்தின் கேமரா காட்டிய படத்தில் மீருக்குப் பின்னால் பூமியின் மேகங்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று அவரால் கணிக்க முடியவில்லை. கலம் மீரின் ஸ்பெக்டர் என்ற பகுதியில் மோதியது, காற்று கசிந்தது. கதவு வழியாகப் போன கேபிள்களைத் துண்டித்து அந்தப் பகுதியையே மூடினார்கள். அவர் கைத்திறனில் குறை காண மாட்டேன். அளக்கும் கருவியை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னதுதான் தவறு.

அதே அண்ணா: 2011-ல் தானாகப் போன புரோகிரஸும் விழுந்ததே?
அது ஏறும்போதே ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு எஞ்சின் நின்றதால் விழுந்தது. ஒட்டும் கட்டத்துக்கே வரவில்லை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கிருஷ்ணகிரி: அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கை வேண்டாமென்றால் கைமுறை வசதியை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்?
நல்ல கேள்வி. 'கூர்ஸ்' பழுதானால் நிலையத்தில் இருப்பவர் ஓட்டத்தான். கையை யாரும் ஒழிக்கச் சொல்லவில்லை. அந்தக் கைக்கு தூரமும் வேகமும் தெரிய வேண்டும் என்கிறேன்.

அரூர்: உள்ளே ஆள் போவார்களா?
இல்லை. தலைப்பிலேயே இருக்கிறது.

பென்னாகரம்: வேலை முடிந்தால்?
புரோகிரஸும் சிக்னஸும் குப்பையோடு காற்று மண்டலத்தில் எரியும். அமெரிக்காவின் இன்னொரு சரக்குக் கலமான டிராகன் மட்டும் ஆய்வு மாதிரிகளோடு கடலில் இறங்கும்.

காவேரிப்பட்டணம்: நம் மாம்பழம் போகுமா? ஈர்ப்பு இல்லாததால் கெடாதோ?
ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் போகின்றன, மாம்பழமும் போகலாம். ஆனால் நிலையமும் உள்ளே இருப்பவையும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் சாறு துளித்துளியாக மிதக்கும். ஈர்ப்பு பற்றி மேலே மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள். பழம் அங்கேயும் கெடும்.

ஓசூர் அண்ணா மறுபடி: நம்ம இந்தியா கையிலா, தானாகவா?
தானாகத்தான். 2025 ஜனவரி 16 அன்று விண்ணில் கலங்களை இணைத்துப் பார்க்கும் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு சிறு செயற்கைக்கோள்கள் தாமாகவே இணைந்தன. இதைச் செய்த நான்காவது நாடு நாம். அதிலும் லேசர் தூரமானிதான் அளந்து கொடுத்தது அண்ணா.